அடுத்தவர் வீட்டில் பத்தொன்பது வருடம்

நான் இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளை விற்றிருக்கிறேன். அந்த நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளையும் நானேதான் வாங்கினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நீன்பர்க் ஊரில் டாக்டர் ஷ்லுட்டர் என்கிற நோட்டரியிடம் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தால் யாருக்கும் இந்த யோகம் வாய்க்கும்.

எங்கள் நாட்டில் வீடு கைமாற வேண்டுமென்றால் நோட்டரி முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். அவர் பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டு வாசிப்பார். சட்டம் அப்படி. விற்கிறவரும் வாங்குகிறவரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அதோடு வீடு மாறிவிடாது. பணமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு தரப்பும் மறுபடி வந்து, ‘இந்தச் சொத்து இவரிடமிருந்து இவருக்குப் போவதில் எங்கள் இருவருக்கும் சம்மதம்’ என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் நிலப் பதிவேட்டில் பெயர் மாறும். ஒரு வாக்கியத்துக்காக யார் இரண்டாவது தடவை அலைவார்கள்? அதனால் முதல் நாளே, ‘எங்களுக்காக இந்தக் குமாஸ்தா அம்மாள் சொல்லிவிடட்டும்’ என்று இரண்டு பேரும் எனக்கே அதிகாரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வாரத்தில் ஒரு நாள் நான் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஷ்லுட்டர் சார் அறைக்குப் போவேன். எதிரே உட்காருவேன். விற்கிறவளும் நானே, வாங்குகிறவளும் நானே. ‘எங்கள் இருவருக்கும் சம்மதம்’ என்பேன். இத்தனை வருடத்தில் எனக்கும் எனக்கும் ஒரு தகராறு வந்ததில்லை. பதினேழு வருடம் குடும்பம் நடத்திய கணவரோடு ஒரு திரைச்சீலையின் நிறத்தில்கூட ஒத்துப்போகாதவளுக்கு இது சின்ன ஆறுதல் இல்லை.

என் பெயர் வீப்க்கே ஓஸ்டர்லோ. ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, ‘பத்திரக்காரம்மா’ என்றால் தெரியும். ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றால்கூட யாராவது சொத்துச் சந்தேகம் கேட்பார்கள். நானும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொல்வேன்: “படிச்சுப் பாக்காம மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. பாதிப் பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க.”

மிச்சப் பாதியில் நான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவரைப் பிரிந்தபோது எனக்கு வயது நாற்பத்து நாலு. அந்தச் சமயத்தில் வேசர் ஆற்றுப் புல்வெளியை ஒட்டி எட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் எழும்பியது. மாடிக்கு இரண்டு வீடு. இரண்டாவது மாடியில் இடப்பக்க வீட்டைப் போய்ப் பார்த்தேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் புல்வெளி, அதற்கப்பால் ஆறு, ஆற்றின்மேல் ஒரு நாரை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன். எதிர் வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதன் ஜன்னல்கள் சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்திருந்தன. யார் வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அந்தக் கட்டடத்தின் எட்டு வீடுகளுக்கும் பத்திரம் எழுதியது எங்கள் அலுவலகம்தான். எட்டையும் தட்டச்சு செய்தது நான்தான். என் சொந்தப் பத்திரத்தை ஷ்லுட்டர் சார் வாசித்த அன்று நான் வாங்குகிறவளின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். பாடம் தெரிந்த பிள்ளைக்குப் பரீட்சை எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. நாலாம் பக்கத்தில் நான் அவரை நிறுத்தி, “சார், அங்க ஒரு கமா விட்டுப்போச்சு” என்றேன். அவர் மெச்சிக்கொண்டு கமா போட்டார்.

கமாவைப் பிடித்தவள் வீட்டை விட்டுவிட்டேன். அது தெரிய எனக்குப் பத்தொன்பது வருடம் ஆனது.

எதிர் வீட்டை வாங்கியவர் ஹின்னர்க் டாமையர். மனைவியை இழந்தவர். ஆற்று மதகில் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்திவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் தண்ணீர் மட்டம் ஏறுவதற்காகக் காத்திருந்து பழகிய மனிதர். எதற்கும் அவசரப்பட மாட்டார். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவசரப்படுவேன். அதோடு அவர் தேவாலயத்தின் பித்தளை வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசிக்கிறவர். குழுவில் மற்ற பதினோரு பேர் சேர்ந்து மறைத்துவிடும் தவறுகளை வீட்டில் தனியாக, தெளிவாக வாசிப்பார்.

வந்த முதல் வருடமே சண்டை தொடங்கியது.

“டாமையர் சார், ஒரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் வாசிக்கக்கூடாதுன்னு வீட்டு விதியில இருக்கு.”

“அப்படியா? யாரு எழுதினது?”

“நான்தான் டைப் அடிச்சேன்.”

“அதானே பார்த்தேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படியே வருடங்கள் ஓடின. அவருடைய சைக்கிள் படிக்கட்டில் நிற்பதற்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பால்கனிப் பூந்தொட்டித் தண்ணீர் கீழே சொட்டுகிறது என்று அவர் ஒரு சீட்டு ஒட்டினார். நான் அதிலிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திரும்ப ஒட்டினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது வெட்கமாக இல்லை.

பெரிய சண்டை நிலவறையால் வந்தது. கட்டடத்துக்கு அடியில் வீட்டுக்கு ஒரு சின்ன அறை உண்டு, சாமான் போட்டுவைக்க. எட்டு அறையில் ஒன்றுக்கு மட்டும் ஜன்னல். அந்த ஜன்னல் அறையை டாமையர் குடிவந்த முதல் நாளே பிடித்துக்கொண்டார். அதில் உருளைக்கிழங்கையும் ஆப்பிளையும் அடுக்கி வைத்து, நடுவில் ஒரு முக்காலியும் போட்டிருந்தார். எனக்குக் கிடைத்தது பக்கத்து இருட்டறை. பத்தொன்பது வருடம் அதைப் பற்றி நினைக்காதவள், போன ஏப்ரலில் என் குளிர்காலக் கோட்டில் பூஞ்சை பூத்ததும் நினைத்தேன்.

“அந்த ஜன்னல் ரூம் யாரோடதுன்னு எப்பவாவது பார்த்தீங்களா?” என்று படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டேன்.

“என்னோடது. என் உருளைக்கிழங்கு அங்கதானே இருக்கு.”

“உருளைக்கிழங்கு இருந்தா சொத்து ஆயிடுமா? பத்திரத்துல என்ன இருக்குன்னு நாளைக்குக் கொண்டுவந்து காட்டுறேன்.”

“கொண்டு வாங்கம்மா. எனக்கும் பொழுது போகணும்ல.”

மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் அலுவலகத்தின் கோப்பறைக்குள் போனேன். கட்டடத்தை எட்டாகப் பிரித்த தாய்ப்பத்திரத்தை எடுத்தேன். என் வீட்டு எண் ஐந்து. கதவிலேயே பித்தளையில் ஐந்து என்று பதித்திருக்கிறது. எதிர்க்கதவில் ஆறு. தாய்ப்பத்திரம் சொன்னது: ‘ஐந்தாம் எண் வீடு, அதனுடன் ஜன்னலுள்ள நிலவறை.’ எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். அன்றைக்கே ஒரு நகல் எடுத்து அவர் கதவில் ஒட்டுவது என்று தீர்மானித்து, அழகுக்கு வரைபடத்தையும் சேர்த்து ஒட்டலாம் என்று பின்பக்கம் புரட்டினேன்.

வரைபடத்தில் இரண்டாவது மாடி. இடப்பக்கம், பால்கனியோடு, ஆற்றைப் பார்த்த வீடு. அதற்குள் கட்டட வரைவாளர் தடித்த மையில் எழுதியிருந்த எண் ஆறு. வலப்பக்கம், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த வீட்டில் ஐந்து.

காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மற்ற மாடிகளைப் பார்த்தேன்: கீழே ஒன்று இடது, இரண்டு வலது. முதல் மாடியில் மூன்று இடது, நான்கு வலது. மூன்றாவது மாடியில் ஏழு இடது, எட்டு வலது. எங்கள் மாடியில் மட்டும் அந்தப் புண்ணியவான் காபிக்கு எழுந்து போய்வந்திருக்கிறார். கட்டியவர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் வரிசைப்படி பித்தளை எண்ணை அறைந்துவிட்டார்கள். நான் எண்ணைப் பார்த்துப் பத்திரம் எழுதினேன். நான் வாங்கியது ஐந்து. ஐந்து என்பது டாமையர் குடியிருக்கும் வீடு. என் பால்கனி, என் நாரை, என் ஜெரேனியப் பூந்தொட்டி எல்லாம் பதிவேட்டில் ஹின்னர்க் டாமையருக்குச் சொந்தம்.

வரைபடம் என் பத்திரத்தோடும் இணைக்கப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில். அதில் என் கையெழுத்தின் முதலெழுத்துகூட இருந்தது, அழகாக, சுழித்து.

அன்று நான் நகல் எடுக்கவில்லை. தாய்ப்பத்திரத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எதற்குக் கை கழுவினேன் என்று தெரியவில்லை.

என் அக்கா இம்கேயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவள், நறுக்கென்று பேசுவாள்.

“யாருக்குத் தெரியும் இது?”

“எனக்கு மட்டும்தான்.”

“அப்போ வாயை மூடிட்டு இரு. பத்தொன்பது வருஷம் யாரும் கேக்கலை. இனிமே யாரு கேக்கப் போறா?”

“அக்கா, அவர் செத்துப்போனா அவரு மகன் பதிவேட்டைப் பாப்பான். என் பால்கனி அவனுக்குப் போயிடும்.”

“அப்போ போய்ச் சொல்லு.”

“சொன்னா சிரிப்பாரே.”

“ஏண்டி, ஊருக்கெல்லாம் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுன்னு சொல்றவ நீதானே?” என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஆடுகளும் கத்தின. நான் போனை வைத்தேன்.

அவர் கேட்பார் என்று பயந்தேன். கேட்டார். மறுநாள் படிக்கட்டில் நின்றுகொண்டு, “என்னம்மா, பத்திரம் கொண்டுவரலையா?” என்றார்.

“தேடிக்கிட்டு இருக்கேன் சார்.”

“உங்க ஆபீஸ்ல பத்திரம் தொலையுமா?”

“உருளைக்கிழங்கு அங்கேயே இருக்கட்டும். ஜன்னல் காத்து அதுக்குத்தான் வேணும்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சொல்ல வாய் வரவில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்காது. அவர் டிராம்போன் வாசித்தால் சுவரைத் தட்டுவதை நிறுத்தினேன். ஒரு நாள் படியில் எதிர்ப்பட்டபோது, “நேத்து நல்லா வாசிச்சீங்க” என்றேன். ஆஸ்பராகஸ் பருவம் வந்தது. சந்தையில் எனக்கு ஒரு கட்டு வாங்கும்போது அவருக்கும் ஒரு கட்டு வாங்கி, தோல் சீவி, வேகவைத்து, பன்றித் தொடை இறைச்சியும் புது உருளைக்கிழங்கும் உருக்கின வெண்ணெயும் வைத்து மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி. அவருடைய சைக்கிளை நானே ஓரமாக நகர்த்தி, துடைத்தும் வைத்தேன். சைக்கிளைத் துடைத்தது அதிகம். இப்போது தெரிகிறது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மணி அடித்தது. டாமையர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலையை நனைத்து வாரியிருந்தார். கையில் ஒரே ஒரு பியோனிப் பூ.

“உள்ள வரலாமா?”

வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, நீங்க நல்லவங்க” என்று ஆரம்பித்தார். “இத்தனை வருஷம் நான்தான் உங்களைப் புரிஞ்சுக்கலை. ஆஸ்பராகஸ் பிரமாதம். ஆனா என் மனைவி போனதுக்கப்புறம் நான் அந்த யோசனையை விட்டுட்டேன். எனக்கு எழுபத்தஞ்சு ஆகப்போகுது. இந்த வயசுல ரெண்டாவது கல்யாணம்னா…”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சுட்டது.

“டாமையர் சார்!”

“மனசு கஷ்டப்படாதீங்க. உங்களுக்கு வேற நல்ல ஆளு…”

“சார், நான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்க நினைக்கலை! நான் உங்க வீட்டுல இருக்கேன்!”

“இல்லம்மா, இது உங்க வீடு. நான்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்” என்றார் மிகவும் இரக்கத்தோடு. என் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

மேசை இழுப்பறையிலிருந்து வரைபடத்தின் நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஆமாம், பிறகு நகல் எடுத்திருந்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் எடுத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். எண், கதவு, கமா, கடைசிப் பக்கத்து முதலெழுத்து. ஒன்றையும் விடவில்லை.

அவர் மதகில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிற மாதிரி அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு யுகம் போல இருந்தது. பிறகு பியோனிப் பூவை மேசையில் வைத்தார்.

“அப்போ, பத்தொன்பது வருஷமா என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னையே டிராம்போன் வாசிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு இருந்திருக்கீங்க.”

“ஆமா சார்.”

“சுவரைத் தட்டுனீங்களே, அது என் சுவர்.”

“ஆமா சார்.”

எழுந்தார். பால்கனிக்குப் போனார். என் பிரம்பு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து காலை நீட்டினார். “என் பால்கனி” என்றார், ஆற்றைப் பார்த்து.

அன்று முதல் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடிக்கும். சொத்தைப் பார்வையிட வருவார். ஜூன் மாத வெயில் ஒன்பதரை வரை நிற்கும், அவரும் நிற்பார். நான் காபி போட்டுக் கொடுப்பேன்.

“இந்தச் சுவருக்கு மஞ்சள் அடிக்கச் சொல்லி யாரு உங்களுக்கு அனுமதி கொடுத்தது?”

“யாரும் இல்லை சார்.”

“எனக்கு மஞ்சள் பிடிக்காது. சரி, பரவாயில்லை.”

இன்னொரு நாள் டிராம்போனையே கொண்டுவந்தார். பால்கனியில் நின்று ஒரு பாட்டு முழுவதும் வாசித்தார். புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. மணி ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இல்லை, ஆகவே நான் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாலாயிரம் வீடு விற்ற பத்திரக்காரம்மா தன் வீட்டில் தட்டு ஏந்தி நின்றுகொண்டிருந்தேன். தன் வீட்டில் என்று இப்போதும் கை தானாக எழுதுகிறது, பாருங்கள்.

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இருவரும் நேரில் பார்த்துத் தேர்ந்த வீடு எதுவோ அதுதான் அவரவருக்கு என்று பெரும்பாலும் தீர்ப்பாகும். எழுத்தில் எண் தப்பினாலும் எண்ணம் தப்பவில்லை அல்லவா? அதை அவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். அதற்கு அவர், “கோர்ட்டு கிடக்கட்டும்மா. நான் யோசிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அவர் யோசிப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். மூன்று வாரம் ஆனது.

ஜூலைத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “உங்க பால்கனி எனக்கு வேண்டாம்.”

நான் மூச்சை விட்டேன்.

“சாயங்கால வெயில் நேரா கண்ணுல குத்துது. ஆத்தைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு, முப்பத்தஞ்சு வருஷம் அதைத்தானே பாத்தேன். நீங்க பாவம், ஆபீஸ்ல காகிதத்தைப் பாத்தவங்க. என் பக்கம் வந்து பாருங்க. சூப்பர் மார்க்கெட் வாசல். யாரு எப்போ வர்றாங்க, யாரு யாரோட வர்றாங்க, யாரு பாட்டிலைக் கோட்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோறாங்க, எல்லாம் தெரியும். நாரை என்னம்மா பண்ணும்? நிக்கும்.”

“அப்போ மாத்தி எழுதிக்கலாமா?”

“எழுதலாம். ஒரு கண்டிஷன். உங்க நோட்டரி எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி வாசிப்பாரு. எனக்கு ஞாபகம் இருக்கு. இந்தத் தடவை எனக்குப் புரியற மாதிரி வாசிக்கணும்.”

அடுத்த நாள் ஷ்லுட்டர் சாரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். தாய்ப்பத்திரத்தையும் என் பத்திரத்தையும் கொண்டுவரச் சொன்னார். என் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் என் முதலெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய முத்திரையும் இருந்ததைப் பார்த்ததும் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“வீப்க்கே, அன்னைக்கு நீங்க ஏதோ திருத்தம் சொன்னீங்களே?”

“கமா, சார்.”

“ஆமாம், கமா” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

பரிவர்த்தனைப் பத்திரத்தை நான்தான் எழுதினேன். எழுத வேண்டாம் என்று ஷ்லுட்டர் சார் சொன்னார்; இன்னொரு குமாஸ்தாவிடம் கொடுக்கலாம் என்றார். என் தப்பை நானே திருத்துகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணையும் நாலு தடவை சரிபார்த்தேன். நடுவில் தாய்ப்பத்திரத்தைப் புரட்டும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மாற்றத்துக்குப் பிறகு பால்கனி வீடு, அதாவது ஆறு, எனக்கு வரும். ஆறாம் எண்ணோடு சேர்ந்த நிலவறை இருட்டறை. ஜன்னல் அறை ஐந்தோடு சேர்ந்தது, அது டாமையருக்குப் போகும். அதாவது அவருடைய உருளைக்கிழங்கு சட்டப்படி சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இத்தனை பாடும் பட்டு, இரண்டு பேரும் எங்கே இருந்தோமோ அங்கேயே இருப்பதற்காகத்தான் நான் ஐந்து நாளாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து நாள் வந்தது. டாமையர் மறுபடி அந்த வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் என் மேசையை விட்டு எழுந்து போய், கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷ்லுட்டர் சார் வாசிக்கத் தொடங்கினார். இரண்டு வரி போவதற்குள் டாமையர் கையைத் தூக்கினார்.

“சார், மதகுக்குள்ள படகு வர்ற வேகத்துல வாசிங்க.”

“அது என்ன வேகம்?”

“கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு கூடவே நடந்து வரலாம், அந்த வேகம்.”

ஷ்லுட்டர் சார் நடந்தார். வழக்கமாக இருபது நிமிடத்தில் முடிகிற பத்திரம். டாமையர் ஒவ்வொரு பத்தியிலும் நிறுத்தினார். ‘வில்லங்கம் ஏதுமின்றி’ என்றால் என்ன என்று கேட்டார். ‘இன்றுள்ள நிலையில்’ என்றால் அந்த மஞ்சள் சுவரும் சேர்த்தியா என்று கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவளாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் அவர் மறுபடி கையைத் தூக்கினார். மேசைமேல் இருந்த வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு தடித்த விரலை அதன்மேல் வைத்தார்.

“சார், அந்த வரியை மறுபடி வாசிங்க.”

“‘ஆறாம் எண் வீட்டின் உரிமையாளரான வீப்க்கே ஓஸ்டர்லோ, அதனை ஹின்னர்க் டாமையருக்கு…’”

“ஆறு என்னோடதுல்ல? பதிவேட்டுல? அவங்களோடது அஞ்சு. அவங்க அஞ்சைக் கொடுத்துட்டு ஆறை வாங்கணும். இதுல ஆறைக் கொடுத்துட்டு அஞ்சை வாங்குறாங்க. என் பொருளை எனக்கே கொடுக்கறாங்களே?”

ஷ்லுட்டர் சார் பத்திரத்தைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முப்பத்தோரு வருடத்தில் வேறு பலர்மேல் விழப் பார்த்திருக்கிறேன்.

நாலு தடவை சரிபார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? நாலு தடவையும் என் வீட்டுக் கதவிலிருந்த ஐந்தை மனதில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து எனக்கு வருகிறதா என்றே சரிபார்த்திருக்கிறேன்.

“திருத்திடலாம்” என்றேன்.

“நல்லவேளை கமா எல்லாம் சரியா இருக்கு” என்றார் டாமையர்.

ஷ்லுட்டர் சாரால் அடக்க முடியவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, எண்களை அடித்து, ஓரத்தில் கையால் திருத்தி எழுதினார். இருவரும் பக்கத்திலேயே முதலெழுத்துப் போட்டோம். அந்த முதலெழுத்தில் நான் சுழி வைக்கவில்லை.

கடைசியாக அந்த வாக்கியம். நேரில் வந்திருப்பதால் அவரவர் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். ஷ்லுட்டர் சார் கேட்டார்: “சொத்து இவ்வாறு மாறுவதில் உங்களுக்குச் சம்மதமா?”

“எங்கள் இருவருக்கும் சம்மதம்” என்றேன் பளிச்சென்று. வாய் பழக்கம்.

டாமையர் என் பக்கம் திரும்பினார். “எனக்கு நானே சொல்லிக்கிறேம்மா” என்றார். பிறகு ஷ்லுட்டர் சாரைப் பார்த்து, யோசித்து, தண்ணீர் மட்டம் சரியாக வந்துவிட்டது என்பதுபோல், “சம்மதம்” என்றார்.

விஷயம் கட்டடத்தில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் தங்கள் பத்திரங்களைத் தேடி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்படிச் சொன்னதும், “நீங்க சொல்றீங்களா, இல்ல உங்க நோட்டரி சொல்றாரா?” என்று கீழ் வீட்டு அம்மாள் கேட்டாள். ரொட்டிக் கடை வரிசையில் இப்போது யாரும் என்னிடம் சந்தேகம் கேட்பதில்லை. கேட்கிற ஒரே ஆள் டாமையர்தான். ஆறு மணிக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. சொத்து கைமாறினாலும் காபி கைமாறவில்லை என்கிறார். டிராம்போன் பழையபடிதான். நான் சுவரைத் தட்டுவதும் பழையபடிதான், இப்போது என் சுவர் என்பதால் கொஞ்சம் பலமாகவே.

நிலப் பதிவேட்டிலிருந்து கடிதம் அக்டோபரில் வந்தது. அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். வரைபடத்தோடு வைத்து, வாசலுக்குப் போய்க் கதவைப் பார்த்து, பால்கனிக்குப் போய் ஆற்றைப் பார்த்துப் படித்தேன். அந்த வேகத்தில் வீட்டிலிருந்த மற்றக் காகிதங்களையும் எடுத்தேன். தீக்காப்பீடு, ஓய்வூதியம், குளிர்பெட்டியின் உத்தரவாதச் சீட்டு என்று ஒவ்வொன்றாக இரண்டு வாரம் படித்தேன். கடைசியில் என் விவாகரத்துத் தீர்ப்பு இருந்தது. அதையும் எழுத்தெழுத்தாக, தேதி, பெயர், எண் எல்லாம் சரிபார்த்தேன்.

அதில் ஒரு பிழையும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.